பழுதறியும் பொறிக்கண்

1989ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆம் நாள், அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து சிக்காகோ நோக்கிப் பறந்துகொண்டிருந்த பயணிகள் விமானமொன்றின் வாற்புற இயந்திரம் நடுவானிற் சிதறியது. அவ்வியந்திரத்தின் முன்னே சுழலும் டைட்டேனிய விசிறித் தட்டு பிளந்து, விமானத்தைத் திருப்புவதற்கும் தாழ்த்துவதற்கும் உதவும் எண்ணெய்க் குழாய்களை அறுத்தெறிந்தது. விமானிகள் அரும்பாடுபட்டுச் சூ சிற்றி என்னும் ஊரின் விமான நிலையம்வரை அதனைக் கொண்டுவந்து சேர்த்தனர். ஆயினும் தரையில் மோதியபோது அதிலிருந்த 296 பேரில் 112 பேர் மாண்டனர். விசாரணை அதிகாரிகள் கண்டது யாது? அத்தட்டுக்குரிய உலோகத்தை உருக்கிய காலத்திலேயே அதனுள் நுண்ணிய குறையொன்று புகுந்திருந்தது. அதிலிருந்து ஒரு வெடிப்பு ஆண்டுக்கணக்காக மெல்ல வளர்ந்து வந்தது. விபத்துக்கு முந்திய ஆண்டில் அத்தட்டைக் கழற்றி, ஒளிருஞ் சாயம் பூசிப் பரிசோதித்திருந்தனர். அப்பொழுதே அவ்வெடிப்பு ஏறக்குறைய அரை அங்குல நீளம் இருந்திருக்கும் என்று கணிக்கப்பட்டது. எனினும் பரிசோதித்தவரின் கண்ணுக்கு அது தப்பிவிட்டது.

அவரைக் குறைகூறுவது எளிது. விசாரணை அறிக்கையோ, மனிதக் கண்ணுக்கும் கவனத்துக்கும் உள்ள எல்லைகள் பரிசோதனை முறையிற் போதிய அளவு கருதப்படவில்லை என்றே கூறிற்று. இவ்வெல்லைகள் முன்னரே அறியப்பட்டவை. இரண்டாம் உலகப் போரில் றேடார்த் திரையைக் காவல் காத்திருந்தோர் சிறு அடையாளங்களைத் தவறவிட்டமையைக் கருதி, பிரித்தானிய உளவியலறிஞர் நோர்மன் மக்வேர்த் என்பார் ஒரு சோதனை நடத்தி அதன் முடிவை 1948இல் வெளியிட்டார். எண்களில்லாத கடிகார முகமொன்றில் முள் ஒவ்வோர் அடியாக நகரும். எப்பொழுதாவது ஒருமுறை இரண்டடி தாண்டும். அதனைக் கண்டவுடன் அறிவித்தல் வேண்டும். இரண்டு மணி நேரக் காவலில், முதல் அரைமணி கழிந்ததுமே தவறவிடுந் தொகை கூடிவிட்டது. அரிசியிற் கல் பொறுக்கும் இல்லத்தரசிக்கு இஃது ஒரு புதுமையன்று. முதற் சுளகிலுள்ள கல் கண்ணுக்கு அகப்படும். பத்தாஞ் சுளகிலுள்ளது பல்லுக்கே அகப்படும்.

உருக்காலையொன்றிற் காய்ச்சிய உருக்கை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கும்போது, அத்தகடு செக்கனுக்குப் பத்து மீற்றருக்கு மேலாகவும் விரைந்தோடும். அதன் முகத்தில் விழும் கீறலை நின்று பார்த்துப் பிடிக்க எவராலும் இயலாது. ஆதலின் கமெராவையும் கணினியையும் காவலுக்கு நிறுத்தினர். தொடக்கத்திற் கணினிக்கு விதிகள் எழுதிக் கொடுக்கப்பட்டன: சுற்றுப்புறத்தினும் இத்துணை கருமையாயின் பழுது, இத்துணை நீளமாயின் கீறல் என்றவாறு. தகட்டிற் படிந்த எண்ணெய்க் கறையுங் கருமையே, நீர்த்துளியின் நிழலுங் கருமையே. விதிக்கு விலக்கும், விலக்குக்கு விலக்குமாக எழுதி எழுதிச் சலித்தவர் பலர். தன் பிள்ளையைத் தொலைவிலேயே இனங்காணும் தாயிடம், எவ்வாறு கண்டாய் என்று வினவினால் அவளால் விதி சொல்ல முடியுமோ?

விதி சொல்வதை விடுத்து, எடுத்துக்காட்டுகளைக் காட்டியே கற்பிப்பது மற்றொரு வழி. ஆழக் கற்றல் எனப்படுவது இவ்வழியே. பூனையின் மூளையிற் பார்வைக்குரிய பகுதியை ஆராய்ந்த ஹியூபெல், வீசல் என்னும் அறிஞர் இருவர், அங்குள்ள சில நரம்புக்கலங்கள் குறித்த சாய்வுடைய கோடுகளைக் கண்டபோது மட்டுமே கிளர்ச்சியுறுகின்றன என்று 1959இல் எடுத்துக்காட்டினர். அவ்வமைப்பைத் தழுவி, யப்பானிய அறிஞர் குனிஹிகோ ஃபுகுஷிமா 1980இல் அடுக்கடுக்கான செயற்கை நரம்பு வலையமைப்பொன்றை வகுத்தார். இன்று பழுதறியப் பெரிதும் பயன்படும் வலையமைப்புகள் அதன் வழித்தோன்றல்களே.

அதன் தொழிற்பாட்டைச் சுருங்கச் சொல்லலாம். கணினிக்குப் படமென்பது வெறும் எண் வரிசை; ஒவ்வொரு புள்ளியின் ஒளிக்கும் ஓர் எண். மூன்று புள்ளி அகலமும் மூன்று புள்ளி உயரமுங் கொண்ட சிறு சாளரமொன்று படம் முழுவதும் ஊர்ந்து செல்லும். தன்னுள் அகப்பட்ட எண்களைத் தனக்குரிய நிறைகளாற் பெருக்கிக் கூட்டும். ஒரு சாளரம் குத்துக்கோட்டைக் கண்டால் உரத்துச் சொல்லும். மற்றொன்று சாய்கோட்டைக் கண்டால். இவற்றின் விடைகளை அடுத்த அடுக்கிலுள்ள சாளரங்கள் நோக்கும். அவற்றின் விடைகளை அதற்கடுத்த அடுக்கு நோக்கும். இறுதி அடுக்கு, இது கீறல், இது குழி எனத் தீர்ப்புக் கூறும். தீர்ப்புப் பிழையாயின், அப்பிழையிற் பங்குகொண்ட நிறைகள் யாவும் பின்னோக்கிச் சிறிது சிறிதாகத் திருத்தப்படும். இவ்வாறு பல இலட்சந் திருத்தங்கள். நிறைகளை எவருங் கையால் எழுதுவதில்லை என்பதே இதிலுள்ள புதுமை.

2012ஆம் ஆண்டில், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து ஜெப்ரி ஹின்ரனும் அவர்தம் மாணவர் இருவரும், ஏறக்குறைய 12 இலட்சம் படங்களைக் கொண்டு இத்தகைய வலையமைப்பொன்றைப் பயிற்றிப் போட்டிக்கு அனுப்பினர். ஒரு படத்துக்கு ஐந்து ஊகங்கள் கூறலாம் என்ற விதியின்கீழ் அவர்களது பிழை நூற்றுக்கு 15.3 ஆக, அடுத்து வந்தோரது பிழை 26.2 ஆக இருந்தது. ஆனால் 12 இலட்சம் படங்கள் எங்கே, ஆலையிலுள்ள படங்கள் எங்கே? சீனாவின் ஷென்யாங் நகரிலுள்ள வடகிழக்குப் பல்கலைக்கழகம் உருக்குத் தகட்டின் பழுதுகளைத் திரட்டி வெளியிட்ட தொகுதி ஆராய்ச்சியாளரிடையே பெரிதும் வழங்குவது. அதிற் கீறல், குழிவு, திட்டு, மயிரிழை வெடிப்பு, அழுந்திய செதில், உட்புகுந்த மாசு என ஆறு வகைகள், வகைக்கு 300 படங்கள், ஆக 1,800. நன்றாக நடக்கும் ஆலையிற் பழுது அரிது. ஆலை எத்துணை செம்மையாக இயங்குகின்றதோ, அத்துணைக்கு அதன் பொறிக்கண்ணுக்குப் பாடம் குறைவு! சில படங்களையே திரும்பத் திரும்பக் கண்ட வலையமைப்போ, பழுதைக் கற்பதற்குப் பதிலாகப் படங்களையே மனப்பாடஞ் செய்துவிடும். மாணாக்கரிடத்தும் இவ்வியல்பைக் காணலாம்.

இக்குறையை நீக்க எழுந்ததே தரவுப் பெருக்கம். உள்ள படத்தையே இடவலம் மாற்றியும், மேல்கீழ் மாற்றியும், சிறிது சாய்த்தும், ஒளியைக் கூட்டியுங் குறைத்தும், ஓரங்களை வெட்டியும் புதுப்படங்களாக்குவர். ரொறன்ரோ அறிஞர் 256 புள்ளிச் சதுரப் படத்திலிருந்து 224 புள்ளிச் சதுரங்களை வெவ்வேறிடங்களில் வெட்டி, அவற்றின் கண்ணாடிப் பிம்பங்களையுஞ் சேர்த்துத் தம் தொகுதியை 2,048 மடங்காக்கினர். 2015இல் ஜேர்மனியின் ஃபிரைபூர்க் பல்கலைக்கழகத்தார், நரம்புக்கலங்களின் நுணுக்குக்காட்டிப் படங்கள் 30ஐ மட்டுமே வைத்துக்கொண்டு, அவற்றை இறப்பர்த் துணியைப்போல் இழுத்தும் நெளித்தும் பெருக்கி, கலங்களின் எல்லைகளைப் பிரித்தறியும் வலையமைப்பொன்றைப் பயிற்றினர். உயிர்க்கலம் இயல்பாகவே நெளியுந் தன்மையது. ஆதலின் அவர்கள் செய்த மாற்றம் பொருத்தமானது.

பொருத்தம் என்னும் இவ்விடத்திலேதான் பலர் இடறுகின்றனர். மாற்றிய படம் உலகில் நிகழக்கூடியதாய் இருத்தல் வேண்டும். அதன் விடையும் மாறாதிருத்தல் வேண்டும். உருக்குத் தகட்டில் இடவல மாற்றம் தீங்கற்றது. அதே படத்தைக் காற்சுற்றுத் திருப்பினாலோ, தகடு ஓடுந் திசையில் நீண்டிருந்த மாசு குறுக்கே கிடக்கும். உருளைகள் அவ்வாறு மாசை நீட்டுவதில்லை. ஒளியை மிகக் கூட்டினால் மயிரிழை வெடிப்பு மறைந்துபோகும். ஆயினும் படத்தின் விடை வெடிப்பென்றே நிற்கும். கண்ணுக்குத் தெரியாததைத் தெரிகின்றதெனக் கற்பிப்பது கல்வியாகாது. திருகாணியின் கதை இன்னுஞ் சுவையானது. வலப்புரித் திருகாணியின் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக்கினால் அஃது இடப்புரியாகிவிடும். வலப்புரியே வேண்டிய ஆலையில் இடப்புரி வருமாயின் அது பழுது. அப்பழுதையே நல்லதென்று பொறிக்குப் போதித்தவராவோம்.

மியூனிக் நகரத்து எம்விரெக் நிறுவனம் 2019இல் வெளியிட்ட படத்தொகுதியிலும் இதனை ஒத்த நுட்பமுண்டு. போத்தல், மாத்திரை, தோல், மரம் முதலாகப் 15 வகைப் பொருள்களின் 5,354 படங்கள் அதிலுள. நட்டு எனப்படும் உலோகச் சுரையின் படங்களிற் கீறலும் வளைவும் பழுதாகக் குறிக்கப்பட்டிருப்பதுபோலவே, சுரை புரண்டு மறுமுகங் காட்டிக் கிடத்தலும் பழுதென்றே குறிக்கப்பட்டுள்ளது. அச்சுரையின் பற்கள் ஒருபுறஞ் சாய்ந்தவை. புரட்டினால் மறுபுறஞ் சாயும். அத்தகைய சுரையின் படத்தை இடவலம் மாற்றிப் பெருக்குபவர் எப்பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அப்பழுதுக்கே பொறியின் கண்ணைக் கட்டிவிடுகின்றார். கணக்கறிவு மட்டும் உடையவருக்கு இது தோன்றாது. பட்டறையில் நின்றவருக்கே தோன்றும்.

இத்தொகுதியின் மற்றொரு சிறப்பு, பயிற்சிக்கென ஒதுக்கிய 3,629 படங்களும் குறையற்ற பொருள்களின் படங்களாய் இருத்தலே. பழுது அரிதாயின் நல்லதையே கற்பித்து, அதினின்று விலகுவதை அறியச் செய்வது இதன் நோக்கம். 2021இல் கூகிள் ஆராய்ச்சியாளர் இதிற் பெருக்கத்தை வேறுவகையிற் புகுத்தினர். நல்ல படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி அதே படத்தில் வேறோரிடத்தில் ஒட்டுவர். ஒட்டிய படத்தையும் ஒட்டாத படத்தையும் வேறுபிரித்தறிய வலையமைப்பைப் பழக்குவர். போலிப் பழுதிற் பழகிய கண் உண்மைப் பழுதையும் பெரும்பாலுங் கண்டுகொண்டது.

பரீட்சிக்கும் முறையிலும் ஒரு பொறி உண்டு. ஒரே மூலப்படத்திற் பிறந்த பத்துப் படங்களிற் சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைப் பரீட்சைக்கும் வைத்தால், வகுப்பிற் செய்த கணக்கையே வினாத்தாளில் இட்டதாகும். புள்ளிகள் குவியும், ஆலையிலோ பொறி விழிக்கும். ஆதலின் மூலப்படங்களை முதலிற் பிரித்துவிட்டுப் பின்னரே பெருக்குதல் வேண்டும். நூற்றுக்கு இத்தனை சரி என்ற கணக்கும் ஏமாற்றக்கூடியது. ஆயிரத்துக்கு ஒன்றே பழுதாயின், யாவும் நல்லவை எனக் கண்மூடிச் சொல்லும் பொறிக்கும் நூற்றுக்கு 99.9 கிடைக்கும். தவறவிட்ட பழுது எத்தனை, வீணே தள்ளிய நற்பொருள் எத்தனை என இரண்டையுந் தனித்தனியே எண்ணுதல் முறை. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். விமானத் தட்டுக்கு நூறு நற்பொருளைத் தள்ளினும் பழுதொன்றை விடலாகாது. பல்துலக்கும் தூரிகைக்கு அவ்வளவு வேண்டுவதில்லை. எல்லையை எங்கே வைப்பது என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை.

ஆதலினாற் பொறி ஐயுறும் பொருள்களைத் தனியே ஒதுக்கி, அனுபவமுள்ள பரிசோதகரிடம் அனுப்புவது வழக்கமாயிற்று. நாள் முழுவதும் ஓடுந் தகட்டை நோக்கிச் சோர்ந்த கண், இப்பொழுது ஒரு சில படங்களை ஆறியமர்ந்து நோக்குகின்றது. அவர் கூறும் விடை அடுத்த பயிற்சிக்குரிய படங்களுடன் சேர்க்கப்படும். பொறி வந்துவிட்டதென்று அவரை வீட்டுக்கு அனுப்பிய ஆலைக்கு அவ்விடையைக் கூறுவார் யார்? புதிய உருளை பூட்டிய வாரத்தில், எந்தத் தொகுதியிலும் இல்லாத தழும்பொன்று தகட்டில் தோன்றும்போது, அதற்கு முதன்முதற் பெயரிடுவது அவர் வாயே.