மூலை கேட்கும் ஹார்ன் ஸ்பீக்கர்

அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1940-களில் உருவாக்கிய கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர், அறையின் மூலையில் நிற்பதற்கென்றே பிறந்தது. இருபுறச் சுவர்களும் ஸ்பீக்கரின் ஹார்ன் கூம்பின் நீட்சியாகி, ஆழ்ந்த கீழ்நாதத்தை அறைக்குள் விரிக்கின்றன. அதனால் வாங்குமுன், கதவோ அலமாரியோ குறுக்கிடாத இரண்டு மூலைகள் வீட்டில் உண்டா என்று பாருங்கள்.

ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 105 டெசிபல் ஒலிக்கும்! 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர் அந்த அளவை எட்ட 60 வாட்டுக்கு மேல் வேண்டும். எனவே எட்டு வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரே வீட்டுக்குத் தாராளம். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் சிறு இரைச்சலையும் இந்த ஸ்பீக்கர் பெரிதாக்கிக் காட்டிவிடும். கடையில் பாட்டை நிறுத்தச் சொல்லி, ஸ்பீக்கர் அருகே காதை வைத்துக் கேளுங்கள். உஸ்ஸென்ற சத்தம் உறுத்தினால், வேறு ஆம்ப்ளிஃபயர் பாருங்கள்.