மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது: ஸ்நேர் டிரம்முக்கு ஓர் ஒலிவாங்கி

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மெல்லிசைக் குழு மேடையேறியதும் நம் கண்கள் பாடகரையே நாடுகின்றன. ஆனால் நம் கால்கள் தாமாகவே தாளமிடுவது பின்வரிசையில் அமர்ந்திருக்கும் டிரம் கலைஞரால்தான். அவருடைய இரு முழங்கால்களுக்கு இடையே இருக்கும் சிறிய முரசே ஸ்நேர் டிரம். பளீரென்று விழும் அந்த அடியைக் கடைசி வரிசைவரை கொண்டு செல்ல எத்தகைய ஒலிவாங்கி வேண்டும்? இது இசைக் கலைஞர்க்கு மட்டும் உரிய வினாவன்று. ஒலியியல் வகுப்பில் நாம் படித்தவற்றுள் பல இதற்குள் அடங்கியிருக்கின்றன.

ஒலிவாங்கி எதற்கு?

"காதைத் துளைக்கும் கருவிக்கு மைக் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சிறிய அரங்கில் அது நியாயமான கேள்வியே; அங்கே தேவையில்லை. திறந்தவெளி மேடையில் நிலைமை வேறு. நாம் தனியே ஒலிவாங்கி வைக்காவிட்டாலும், பாடகரின் ஒலிவாங்கிக்குள் டிரம் ஒலி புகுந்தே தீரும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. டிரம் மூன்றரை மீட்டர் பின்னால் இருந்தால், அடி பாடகரின் ஒலிவாங்கியை அடைய 10 மில்லி விநாடி ஆகும். தரையிலும் கூரையிலும் பட்டுத் தெறித்த ஒலிகளும் அதனுடன் சேரும். கேட்பவர்க்கு முரசின் கனம் போய், தகரத்தைத் தட்டிய ஓசையே மிஞ்சும். தம் அடி எடுபடவில்லை என்றெண்ணும் டிரம் கலைஞர் மேலும் ஓங்கி அடிப்பார். பாடகரின் குரல் அதில் அமிழ்ந்துவிடும். பழி இருவர் மீதும் விழும். குற்றமோ இருவரிடமும் இல்லை.

கருவியின் அமைப்பு

ஸ்நேர் டிரம் பெரும்பாலும் 14 அங்குல விட்டமும் 5 முதல் 6½ அங்குல ஆழமும் உடையது. மிருதங்கத்தைப் போல் இதற்கும் இரண்டு முகங்கள். ஆனால் குச்சியின் அடி விழுவது மேல்முகத்தில் மட்டுமே. கீழ்முகத்தை ஒட்டி, பெரும்பாலும் இருபது சுருள் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மேல்முகம் அதிர்ந்ததும் உள்ளிருக்கும் காற்று கீழ்முகத்தைத் தள்ள, கம்பிகள் அதன்மேல் மோதிச் சலசலக்கும். ஆகவே இதன் ஒலியில் இரு கூறுகள் உண்டு. ஒன்று, ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸை ஒட்டிய முரசின் கனம். மற்றொன்று, பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவிய கம்பிகளின் சீறல். இரண்டையும் வாங்கும் திறன் நம் ஒலிவாங்கிக்கு வேண்டும்.

சிறியது ஏன் சிறந்தது?

1965-இல் வெளிவந்த ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம்.57 என்னும் ஒலிவாங்கியே ஸ்நேர் டிரம்முக்கு உலகெங்கும் மிகுதியாகப் பயன்பட்டு வருகிறது. அதன் ஒலித்தரத்தில் குறையில்லை. ஆனால் அதன் நீளம் 157 மில்லி மீட்டர். பின்னால் செருகியும் சேர்ந்தால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அதைத் தாங்க ஒரு நிலைத்தண்டும் வேண்டும். கலைஞரின் இடப்புறம் ஹை-ஹாட் என்னும் இணைத்தாளம், எதிரே டாம் முரசு, நடுவே பாயும் இரு குச்சிகள். இந்த நெருக்கடியில் தண்டு சற்றே நகர்ந்தாலும் அடி ஒலிவாங்கியின் மீது விழும்.

இக்குறையை நீக்கவே முரசின் விளிம்பில் கவ்வியால் பொருத்தும் சிறிய ஒலிவாங்கிகள் வந்தன. சென்ஹைசர் நிறுவனத்தின் இ604 அவற்றுள் ஒன்று. அதன் நீளம் 59 மில்லி மீட்டர். எடை 60 கிராம். எடை குறைவாதலால் கவ்வி தொய்வதில்லை. முரசை நகர்த்தினாலும் தூரம் மாறுவதில்லை. ஒரு குறையும் உண்டு. விளிம்பின் அதிர்வு கவ்வி வழியாக நேரே ஏறும். எனவே கவ்வியில் அதிர்வைத் தடுக்கும் ரப்பர் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

டைனமிக்கா, கண்டென்சரா?

டைனமிக் வகையில், மெல்லிய தகட்டோடு ஒட்டிய கம்பிச் சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்சாரத்தைத் தருகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. அடியையும் தூசியையும் தாங்கும். கண்டென்சர் வகையில் சுருள் இல்லை. தகடு மிக இலேசானது. ஆதலால் அடியின் கூர்மையையும் கம்பிகளின் சீறலையும் நுட்பமாகப் பிடிக்கும். ஆனால் மேடைகளில் அதற்கு வழக்கமாக 48 வோல்ட் மின்சாரத்தைக் கலவைக் கருவியிலிருந்து அனுப்ப வேண்டும். மேலும், முரசின் அருகே ஒலியளவு 130 டெசிபெல்லைத் தாண்டக்கூடும். அதைத் தாங்காத கண்டென்சரில் ஒலி சிதையும். ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்டென்சர் சிறக்கலாம். வாடகை ஒலிபெருக்கியை நம்பும் விழா மேடைக்கு டைனமிக்கே பொருத்தம்.

திசையும் தூரமும்

ஸ்நேருக்குப் பெரும் பகை ஹை-ஹாட்டின் 'சிக் சிக்' ஒலி. அதை அடக்க இரு வழிகள் உண்டு. முதலாவது தூரம். முகத்திலிருந்து 4 சென்டிமீட்டரில் ஒலிவாங்கியும், அதிலிருந்து 40 சென்டிமீட்டரில் ஹை-ஹாட்டும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே வலிமையில் ஒலித்தாலும், தூரம் பத்து மடங்காதலால் ஹை-ஹாட் ஏறத்தாழ 20 டெசிபெல் குறைந்தே கேட்கும். தவிரவும், திசையறியும் ஒலிவாங்கியை நெருக்கி வைக்கும்போது தாழ்ந்த ஒலிகள் மிகுவதால் முரசுக்குக் கனமும் கூடும்.

இரண்டாவது திசை. கார்டியாய்டு வகை, இதய வடிவில் முன்புற ஒலியை ஏற்கும். பக்கவாட்டில் 6 டெசிபெல் குறையும். நேர் பின்னால் மிகக் குறைவாகவே கேட்கும். சூப்பர் கார்டியாய்டு வகை பக்கத்தில் இன்னும் குறைவாகக் கேட்கும்; ஆனால் நேர் பின்னால் சிறிது கேட்கும். அதன் செவிட்டுத் திசை முன்னிருந்து ஏறத்தாழ 126 பாகையில் இருக்கிறது. ஆகவே ஹை-ஹாட் நேர் பின்னால் அமையுமானால் கார்டியாய்டும், பின்பக்கச் சாய்வில் அமையுமானால் சூப்பர் கார்டியாய்டும் ஏற்றவை. விலையைப் பார்க்குமுன் மேடை அமைப்பைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

கீழ்முகத்திற்கும் ஓர் ஒலிவாங்கி வைப்போர் ஒன்றை மறக்கலாகாது. அடி விழும் கணத்தில் மேல்முகம் மேல் ஒலிவாங்கியை விட்டு விலகுகிறது. கீழ்முகமோ கீழ் ஒலிவாங்கியை நோக்கி வருகிறது. இரு அலைகளும் எதிரெதிர் ஆதலால், சேர்க்கும்போது முரசின் கனம் கரைந்துவிடும். கலவைக் கருவியில் ஒன்றின் முனையை மாற்றிவிட்டால் போதும், கனம் மீண்டும் வரும்.

வாங்குமுன்

புகழ்பெற்ற ஒலிவாங்கிகளுக்குச் சந்தையில் போலிகளும் உலவுகின்றன. எஸ்.எம்.57-இன் எடை 284 கிராம். கையில் அதைவிட மிக இலேசாகத் தோன்றினால் ஐயுறுக. ஒப்புகைச் சீட்டும் உத்தரவாதமும் கேட்டுப் பெறுக. இயன்றால் நம் டிரம்மிலேயே பொருத்தி, மென்மையான அடியையும் ஓங்கிய அடியையும் கேட்டுப் பார்க்க. முரசின் சுருதி சரியில்லாவிடில் எந்த ஒலிவாங்கியும் அதைத் திருத்தாது.

கல்லூரி இசைக் குழுவுக்கு ஒன்றே ஒன்று வாங்க முடியுமெனில், கவ்வியுடன் கூடிய சிறிய டைனமிக் கார்டியாய்டு ஒலிவாங்கியையே என் பரிந்துரையாகச் சொல்வேன். அதையே தண்டில் பொருத்தினால் தபேலாவுக்கும் தவிலுக்கும் உதவும். அதற்குச் செலவாவது மாணவர் ஒவ்வொருவரும் செலுத்திய கட்டணம் என்பதால், ஒருமுறை வாங்குவது பல ஆண்டு உழைக்க வேண்டும். நல்ல ஒலிவாங்கி டிரம்மை உரக்க ஒலிக்கச் செய்வதற்கு அன்று. கலைஞர் ஓங்கி அடிக்க வேண்டிய தேவையை நீக்குவதற்கே. அவர் கை தணிந்தால் பாடகரின் குரல் தெளியும்; முன்வரிசையில் இருப்போரின் செவிகளும் பிழைக்கும்.