கடல்பாசியில் பணம் போடலாமா? முதலில் இந்தக் கணக்கைப் பாருங்க

உங்க ஃபிரிட்ஜில் ஐஸ்கிரீம் டப்பாவோ சாக்லேட் பால் பாட்டிலோ இருந்தா, பின்பக்கம் பாருங்க. ஐஎன்எஸ் 407 என்று இருந்தால் அது கராஜீனன். 406 அகர் அகர், 401 சோடியம் ஆல்ஜினேட். மூன்றுமே கடல்பாசியிலிருந்து எடுக்கப்படுகிற கெட்டிப்பொருட்கள். சாக்லேட் பாலில் கோகோ அடியில் தங்காம இருக்க, துளியூண்டு கராஜீனன் போதும்.

"இவ்வளவு தேவை இருக்கே, பாசி வளர்ப்பில் முதலீடு பண்ணலாமா சார்?" என்பதுதான் அடுத்த கேள்வி. தொழில் உண்மையானதுதான். ராமநாதபுரம் கடலோரத்தில் மீனவப் பெண்கள் பல வருஷமா கப்பாஃபைகஸ் என்ற பாசியை வளர்க்கிறாங்க. அதே மாவட்டம் வளமாவூரில் ரூ.127 கோடி மதிப்பில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினாங்க. ஆனா தொழில் நல்லது என்பது வேற, உங்ககிட்ட வர்ற திட்டம் நல்லது என்பது வேற.

கணக்குக்கு வருவோம். 12-க்கு 12 அடி மூங்கில் மிதவையில் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், 45 நாளில் 250 கிலோ அளவுக்கு வளரும். அடுத்த சுற்றுக்கு விதை எடுத்து வைத்தது போக, கையில் 190 கிலோ. இது ஈர எடை! காய வைத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 19 கிலோதான் மிஞ்சும். அதையும் ஆலையில் காரக் கரைசலில் வேகவைத்துப் பொடியாக்கினால்தான் அது 407 ஆகும். விலை ஏறுவது அந்தக் கட்டத்தில்தான், மிதவையில் இல்லை.

ரிஸ்க்கும் இருக்கு. 2013 வாக்கில் கடல் சூடானதில் இந்தப் பகுதியில் பாசி பெருமளவு அழிஞ்சது. உலகச் சந்தைக்கு பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போவதால், விலையும் நம்ம கையில் இல்லை.

அதனால் "மாதாமாதம் நிச்சய வருமானம்" என்று யாராவது வந்தா, நாலு கேள்வி கேளுங்க:

1. நீங்க சொல்ற கிலோ விலை ஈரப் பாசிக்கா, காய்ந்த பாசிக்கா?
2. ஒரு மிதவைக்கு எவ்வளவு? மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டம் போட்ட கணக்கே ரூ.1,500தான்.
3. வாங்குகிற ஆலையோட எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் எங்கே?
4. பொதுமக்களிடம் பணம் திரட்ட எந்தப் பதிவு, எந்த அனுமதி இருக்கு? இல்லாவிட்டால் 2019-ம் வருஷ முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்தில் அது குற்றமாகலாம்.

2012-ல் ஈமு கோழியில் கொங்கு மண்டலம் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். பறவை நிஜம்தான், வாங்க ஆள்தான் இல்லை. பாசிக்கு வாங்க ஆள் இருக்காங்க. ஆனா அவங்க கொடுக்கிற விலையில், நடுவில் உட்கார்ந்தவர் உங்களுக்கு வாக்களித்த வட்டி வருமா என்று பேப்பரில் போட்டுப் பாருங்க. வராவிட்டால், அந்த வட்டி அடுத்து சேர்கிறவரோட அசலிலிருந்து வருது.