செயற்கை இதய வால்வு உருவாக்கத்தின் சவால்கள்

செயற்கை இதய வால்வு என்பது பழுதடைந்த இதய வால்வுக்கு மாற்றாக அறுவை மருத்துவம் மூலம் பொருத்தப்படும் கருவி ஆகும். குருதியை ஒரே திசையில் செல்லவிடுவதே இதன் பணி. பணி எளியதாகத் தோன்றினாலும், இதனை உருவாக்குவதில் பொருளறிவியல், உயிரியல், புள்ளியியல், பொருளாதாரம் ஆகிய துறைகள் சார்ந்த சவால்கள் உள்ளன. திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வும், அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட பியோர்க்-ஷைலி குவி-குழி வால்வும் இச்சவால்களை விளக்கும் எடுத்துக்காட்டுகள் ஆகும். இரண்டும் சாய்தட்டு வகையைச் சேர்ந்தவை. இவ்வகையில் உலோக வளையம் ஒன்றினுள் வட்டத் தட்டு ஒன்று சாய்ந்து திறந்து, மீண்டும் மூடுகின்றது.

தேவை

தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து சிறுவர்களுக்கு ஏற்படும் வாதக் காய்ச்சல் இதய வால்வுகளை நிலையாகப் பாதிக்கக்கூடியது. இந்தியாவில் இந்நோய் பரவலாக இருந்தது. இறக்குமதி செய்யப்பட்ட வால்வுகளின் விலையோ பெரும்பாலான நோயாளிகளுக்கு எட்டாததாக இருந்தது. எனவே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில், இதய அறுவை மருத்துவர் மா. சங்கரன் வலியத்தான் (1934–2024) தலைமையில் உள்நாட்டு வால்வை உருவாக்கும் பணி 1970களின் இறுதியில் தொடங்கியது.

பொருட்களின் தேய்மானம்

நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்தில் வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை திறந்து மூடுகின்றது. பத்து ஆண்டுகளுக்கு இது 37 கோடி முறை ஆகும். ஆய்வகத்தில் பத்து மடங்கு வேகத்தில் இயக்கினாலும் இதனைச் சோதிக்க ஓராண்டு தேவை. வடிவமைப்பில் ஒரு மாற்றம் செய்தால் சோதனையை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சித்ரா வால்வின் முதல் மூன்று வடிவங்கள் கைவிடப்பட்டன. பற்றவைப்பு இணைப்பின் வலுக்குறைவு, உலோகத்தின் மிகுந்த தேய்மானம், நீலக்கல் தட்டின் முறிவு ஆகியன இதற்குக் காரணங்கள் ஆகும். நான்காம் வடிவத்தில் கோபால்ட் கலப்புலோகத்தின் ஒரே துண்டிலிருந்து கடைந்தெடுத்த கூடும், உயர் மூலக்கூற்று எடையுடைய பாலிஎத்திலீன் தட்டும் பயன்படுத்தப்பட்டன.

குருதி உறைதல்

அயற்பொருளின் மீது குருதி உறையும் இயல்புடையது. உறைகட்டி வால்வைச் செயலிழக்கச் செய்யலாம், அல்லது மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். இதனால் உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் உறைவெதிர் மருந்து உட்கொள்ள வேண்டியுள்ளது.

அரிய குறைபாடுகள்

சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. 1995 வரை ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளிடம் ஆய்வு நடைபெற்றது. ஆயிரத்தில் ஒருவரை மட்டும் பாதிக்கும் குறைபாடு ஒன்று இருப்பதாகக் கொண்டால், இத்தகைய ஆய்வில் அது ஒருமுறைகூடத் தென்படாமற்போக ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு.

பியோர்க்-ஷைலி குவி-குழி வால்வு இதன் விளைவைக் காட்டுகின்றது. 1979 முதல் விற்கப்பட்ட இவ்வால்வு ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. வளையத்துடன் பற்றவைக்கப்பட்டிருந்த தாங்கு கம்பி சிலரிடம் முறிந்து, தட்டு கழன்று, பலர் இறந்தனர். வால்வு 1986 இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. எனினும் ஏற்கனவே பொருத்திக்கொண்டவர்கள் கடினமான முடிவொன்றை எதிர்கொண்டனர். வால்வை அகற்றும் அறுவையும் உயிருக்கு இடர் தரக்கூடியது. பலருக்கு அவ்விடர் கம்பி முறியும் இடரைவிடக் கூடுதலாக இருந்தது.

உற்பத்தியும் ஒழுங்குமுறையும்

ஆய்வகத்தில் வெற்றி பெற்ற வடிவத்தை ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கில் தயாரிப்பது தனிச் சவால் ஆகும். சித்ரா வால்வைத் தயாரிக்கும் பொறுப்பைச் சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமம் ஏற்றது. 1995 இல் விற்பனைக்கு வந்த இது, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டுள்ளது.

இந்தியாவில் இதய வால்வுகள் 2005 இல் மருந்துச் சட்டத்தின் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரப்பட்டன. மருத்துவக் கருவிகளுக்கான தனி விதிகள் 2018 இல் நடைமுறைக்கு வந்தன. விற்பனைக்குப் பின் தெரியவரும் குறைபாடுகளைத் திரட்டுவதற்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2015 இல் தொடங்கப்பட்டது. முன்கூட்டிய சோதனைகளில் அகப்படாத அரிய குறைபாடுகளை அறிய இத்தகைய கண்காணிப்பு இன்றியமையாதது ஆகும்.