பதினெட்டு முடிந்த மறுநாள்

"இவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"

வங்கி அதிகாரி கேட்டது என் அக்காவை. பதில் சொல்ல வேண்டியவன் கட்டம் போட்ட சட்டையும் அரும்பு மீசையுமாகப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அக்கா மகன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவன், தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் வளர்ந்தவன். அவனுக்குப் பதினெட்டு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மைனர் கணக்கை மாற்றப் போயிருந்தோம். இதற்காகவே ஒரு மாதமாக நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுப் பழகியிருந்தான். பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டும் காட்டினான். அதிகாரி பார்த்தார். "அதெல்லாம் சரிம்மா, கார்டியன் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. நாளைக்கு ஏதாவது சிக்கல் வந்தால் தன் தலையில் விடியுமே என்ற பயம். ஆனால் பதினேழு வயதுவரை அம்மா பொறுப்பில் இருந்தவன், சட்டப்படி பெரியவனான முதல் வாரத்திலேயே, "உன் கையெழுத்து செல்லாது" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தான்.

பதினெட்டு என்பது நம் ஊரில் பல கதவுகள் ஒரே நேரத்தில் சாத்தப்படுகிற வயது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 தருகிற இலவசக் கல்வி உரிமை 6 வயதில் தொடங்கி 18 வயதில் முடிகிறது. பிறந்தது முதல் பிள்ளைகளைப் பரிசோதித்துச் சிகிச்சைக்கு அனுப்பும் ஆர்.பி.எஸ்.கே. திட்டமும் 18 வயதோடு சரி. அதுவரை பார்த்துவந்த குழந்தைகள் டாக்டர், "இனிமே பெரியவங்க டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பார். பெரியவர்களைப் பார்க்கும் டாக்டரோ டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞனை அதிகம் பார்த்திருக்க மாட்டார். பள்ளிக்கூட வேன் வராத முதல் திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்பதை அனுபவித்த வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். என் அக்கா மகன் மூன்று வாரம் காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

முன்பு இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக எழவில்லை என்பதும் உண்மை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவிலேயே 1983ல் 25 வயதுதான். இன்று அங்கே அது 60ஐத் தொட்டிருக்கிறது. இதய அறுவை சிகிச்சை இதில் பெரும்பங்கு வகித்தது. பிள்ளை நெடுநாள் வாழ்வான் என்றால் பெற்றவர்களுக்குப் பின்னும் வாழ்வான் என்றுதானே அர்த்தம்? "எனக்குப் பொறவு இவன யாரு பாத்துக்கிடுவா?" என்று அக்கா கேட்காத நாள் கிடையாது. எனக்கு முன்னால் இவன் போய்விட வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொள்ளும் தாய்மார்களையும் எனக்குத் தெரியும். அந்த வேண்டுதலைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, கார்டியன் சான்றிதழ். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குமாக 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி என்று மூன்று பேர் குழு. பெற்றோரோ உறவினரோ மனுக் கொடுத்தால் 18 வயது கடந்தவருக்கு இந்தக் குழு பாதுகாவலரை நியமிக்கும். நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. அந்த அளவில் இது பெரிய நிம்மதி. பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். சொத்துக்காகப் பாசம் காட்டும் உறவுகளுக்கு இது ஒரு கடிவாளம்.

பலரும் படிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வரி அதே சட்டத்தில் உண்டு. மனு வந்ததும், இவருக்குப் பாதுகாவலர் தேவைதானா, தேவையென்றால் எதற்கு என்பதைக் குழு முதலில் பார்க்க வேண்டும். நம் கதையிலோ வங்கி கேட்கிறது, அதனால் வாங்குகிறோம். தேவைதானா என்ற கேள்வியே எழுவதில்லை. 2016 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சொத்து வைத்துக்கொள்ளவும் வாரிசாகப் பெறவும் தன் பணத்தைத் தானே கையாளவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்கிறது. போதிய உதவி கொடுத்தும் முடிவெடுக்க முடியாதவருக்கு மட்டும், குறிப்பிட்ட விஷயத்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்குமான வரையறைக்குட்பட்ட பாதுகாவலர். அவரும் அந்த மாற்றுத்திறனாளியோடு கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆக, 1999ன் சான்றிதழும் 2016ன் உரிமையும் ஒரே நாட்டில் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் கிடக்கின்றன. வங்கிக்குப் பழக்கமானது முதல் மேஜை.

அக்கா சான்றிதழ் வாங்கிவிட்டாள். நானும் கூடப் போனேன். வேறு வழி தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு உறுத்தியது வேறொன்று. கையெழுத்துப் போடப் பழகிய அந்த ஒரு மாதத்தைப் போல, பதினான்கு வயதிலிருந்தே எத்தனை மாதங்கள் எங்கள் கையில் இருந்தன! அமெரிக்கச் சட்டம் பள்ளிப் பிள்ளைக்கு 16 வயது ஆகும்போதே, வேலை, படிப்பு, வீடு பற்றிய திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நாங்கள் எழுதி வைத்தது பிறந்தநாளுக்கு என்ன கேக் என்பதை மட்டும்தான்.

தாமதமாகத்தான் தொடங்கினோம். முதலில் ரூபாய் நோட்டு. எண்ணைவிட நிறம் அவனுக்கு எளிது. நீலம் 50, ஊதா 100, மஞ்சள் 200. கடைக்காரர் பழைய 100 ரூபாய் நோட்டை நீட்டிய அன்று பாடம் தலைகீழாகிவிட்டது, அதுவும் நீலம்தானே! பிறகு சவரம். பிறகு குளியலறைக் கதவைத் தாழ் போடுவது. இது அவனைவிட அக்காவுக்குத்தான் கடினமாக இருந்தது, வழுக்கி விழுந்துவிட்டால் என்று வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். கடைசியாக, யாராவது தொட்டால் "வேண்டாம்" என்று உரக்கச் சொல்வது. எதற்கெடுத்தாலும் "நல்ல பிள்ளைல்லா, சொன்னா கேக்கணும்" என்று பதினெட்டு வருஷம் வளர்த்துவிட்டு, மறுக்கக் கற்றுக்கொடுப்பது லேசான வேலை இல்லை.

பெண் பிள்ளைகள் வீட்டில் இந்தப் பயம் இரட்டிப்பு. 1994ல் புனே அருகே ஷிரூரில் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுடைய பெண்களுக்கு, மாதவிடாய்த் தொல்லையைக் காரணம் காட்டிக் கருப்பையை அகற்றினார்கள். நாடே கொதித்தது. விருப்பமும் விவரம் அறிந்த சம்மதமும் இல்லாமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்று இன்றைய சட்டம் சொல்கிறது. "வேற என்னதான் பண்றது?" என்று காதோரம் கேட்கும் தாய்க்கு நாப்கின் மாற்றப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியைதான் பதில்.

வேலை விஷயத்துக்கு வருவோம். சிறப்புப் பள்ளிகளின் தொழிற்பயிற்சி வகுப்புகளில் காலங்காலமாக மெழுகுவத்தி, பினாயில், கால்மிதி, காகிதக் கவர். யார் வாங்குவார் என்று கேட்காமலே செய்து, தீபாவளிக்கு நன்கொடையாளர் தலையில் கட்டிவிடுவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை வந்தபோது துணிப்பைக்கும் காகிதக் கவருக்கும் உண்மையிலேயே சந்தை பிறந்தது. அக்கா மகன் இப்போது ஒரு துணிப்பைக் கூடத்தில் நூல் பிசிறு வெட்டி, பத்துப் பத்தாக அடுக்குகிறான். எண்ணிக்கை தப்புவதே இல்லை. அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து. தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டுமென்றால் இவனைப் போன்றவர்களுக்கு அது காகிதத்தில் மட்டும்தான்.

கைகால் முடங்கியவர்களின் பாடு வேறு. அவர்கள் மூளையை யாரும் சந்தேகிப்பதில்லை, படிக்கட்டுதான் எதிரி. எங்கள் மாவட்டத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் படிக்கும்போது 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020ல் பத்மஸ்ரீ பெற்றார். நகரத்துக்குப் போகாமல் சொந்த ஊரிலேயே அதை நடத்தியதுதான் என்னைக் கவர்ந்தது. ஏனென்றால் பெரியவர்களான இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது பஸ் ஏறாமல் போய்வரும் தூரத்தில் ஓர் இடம். கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பும் சேர்ந்து அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக நடத்தும் 'பட்ஸ்' பள்ளிகளை ஒட்டி, 18 கடந்தவர்களுக்கெனத் தனி மையங்கள் இருக்கின்றன. நம் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க மசோதா நிறைவேற்றியது. அந்த நாற்காலியில் உட்காருபவர் ஊருக்கொரு பகல்நேர மையம் கேட்டால் நன்றாக இருக்கும்.

போன மாதம் உயில் எழுதப் பேசுவதற்காக அக்கா வீட்டில் கூடினோம். ஏற்பாடு ஏற்கெனவே அவள் மனதில் முடிந்திருந்தது: தனக்குப் பிறகு அவன் கோயம்புத்தூரில் இருக்கும் அவனுடைய தங்கை வீட்டுக்குப் போய்விடுவான், வீட்டை விற்றுப் பணத்தைப் போட்டுவிடலாம். தங்கையும் "சரிம்மா" என்றிருந்தாள். நான் தயங்கித் தயங்கி, "அவன்ட்ட கேட்டியாக்கா?" என்றேன்.

"அவன்ட்ட என்னத்தக் கேக்க?"

அவன் தொலைக்காட்சியிலிருந்து திரும்பவே இல்லை. "நா இங்கதான் இருப்பேன். வேலைக்குப் போணும்லா" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "தங்கச்சி வேணும்னா வரட்டும்" என்றான்.

பத்திர எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.