நான்காவது துணை

நோய் தீர்க்கும் முறைக்கு நான்கு உறுப்புக்களை வகுத்தார் திருவள்ளுவர்: நோயுற்றவர், வைத்தியர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். இந்நான்காமவரின் தொண்டே செவிலியர் தொண்டு. ஊரைவிட்டு வந்து வாகட்டில் குடியேறிய நம் இல்லங்களில், முதிய தாய் தந்தையர் படுக்கையுற்றால் அத்தொண்டு மகன், மகள், மருமகள் கைக்கு வந்துவிடுகிறது. ஒத்தாசைக்கு அத்தையோ சித்தியோ அடுத்த தெருவில் இல்லை.

நாம் வாழும் புணே மாவட்டம் இயற்கை வைத்தியத்துக்குப் பெயர் பெற்றது. நகருக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உருளி காஞ்சன் கிராமத்தில், 1946ஆம் ஆண்டு மார்ச் மாதம் காந்தியடிகள் தங்கி, தொட்டிக் குளியல், மண்பட்டி, பத்திய உணவு முதலியவற்றால் ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்தார். அன்று தோன்றிய ஆசிரமம் இன்றும் நடைபெறுகிறது. 1986இல் தேசிய இயற்கை மருத்துவ நிலையமும் புணேயில் அமைந்தது.

ஆயினும், துணைச் சிகிச்சை வேறு, மாற்றுச் சிகிச்சை வேறு என்பதை நாம் மறத்தலாகாது. டாக்டர் தரும் மருந்தோடு சேர்ந்து துன்பத்தைக் குறைப்பது துணை. அம்மருந்தை நிறுத்திவிட்டு அதனிடத்தைப் பிடிப்பது மாற்று. உடலெங்கும் பரவாத புற்றுநோய் உடையோரைப் பற்றி யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாற்றுச் சிகிச்சையை மட்டும் நம்பியோரின் மரண அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட இரண்டரை மடங்காகக் காணப்பட்டது.

துணையாக நின்றால் நன்மை உண்டு. உள்ளங்கைப் பக்கத்தில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரற்கடை தள்ளி, இரு தசைநாண்களுக்கு நடுவே அழுத்துவது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலைக் குறைக்கும் என ஆய்வுகள் கண்டுள்ளன. இதமாகக் கால் பிடித்துவிடுதலும் மெல்லிய இசையும் பதற்றத்தைத் தணிக்கும்.

எச்சரிக்கையும் வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்தவருக்கு வெந்நீர்ப் பை வைத்தால், சுடுவது தெரியாமலே கொப்புளம் உண்டாகும். திடீரென வீங்கி வலிக்கும் ஒற்றைக் காலைத் தேய்க்கலாகாது. உள்ளே இரத்தக் கட்டி இருக்கக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர், மஞ்சள், பூண்டு மாத்திரைகளையும் டாக்டரைக் கேளாமல் உண்ணலாகாது.

ஊரிலிருந்து வந்த சூரணத்தை டாக்டரிடம் சொல்லக் கூசுவது நம்மவர் வழக்கம். அக்கூச்சத்தை விடுவோம். வீட்டில் கொடுப்பன யாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை அவரிடம் காட்டுவோம். நால்வரில் ஒருவர் மறைத்தால், மற்ற மூவரும் இருளில் தடுமாற நேரும்.