புது லேப்டாப்பில் பழைய விண்டோஸ்: எப்போது தேவை, எது வரை முடியும்?

புதிய லேப்டாப்புடன் வரும் இயங்குதளத்தை எடுத்துவிட்டு அதற்கு முந்தைய பதிப்பைப் போடுவதை டவுன்கிரேடு என்கிறார்கள். மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை நீளும் தொழிற்பகுதியில் இந்தத் தேவை பழகிய திரையின் மீதுள்ள பிரியத்தால் மட்டும் எழுவதில்லை. ஆலை இயந்திரம் இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கும். அதோடு பேசும் மென்பொருள் ஓடுகிற விண்டோஸ் பதிப்புக்குப் பத்தாண்டு அளவே ஆயுள். லேப்டாப் அதற்கும் முன்பே பழுதாகிவிடும். பழுதான லேப்டாப்புக்குப் பதில் புதிது வாங்கும் நாளில்தான் இந்த மூன்று ஆயுள்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இந்த வட்டாரத்தின் காலக்கணக்கே அந்த இடைவெளியைக் காட்டும். வடசென்னை அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 1994இல் இயங்கத் தொடங்கியபோது விண்டோஸ் 95 கூட வெளிவரவில்லை. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை 2010இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டபோது விண்டோஸ் 7 வந்து ஓராண்டு நிறையவில்லை. வல்லூர் அனல் மின்நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கிய 2012, விண்டோஸ் 8 வெளியான ஆண்டு. இப்போது கடையில் வாங்கும் லேப்டாப்பில் விண்டோஸ் 11 மட்டுமே வருகிறது. ஒரு தொழிற்கூடம் நிறுவப்பட்ட ஆண்டுக்கும் இன்றைக்கும் நடுவே எத்தனை விண்டோஸ் தலைமுறைகள் கடந்துவிட்டனவோ, அத்தனை தூரம் அங்குள்ள பழைய மென்பொருளும் புதிய லேப்டாப்பும் விலகி நிற்கும்.

தேவை எங்கிருந்து வருகிறது

முதல் காரணம் இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள். பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் சீமென்ஸ் நிறுவனத்தின் எஸ்7-300 வரிசை பரவலாகப் பயன்பட்டது. அதற்கு நிரல் எழுதும் ஸ்டெப் 7 மென்பொருளின் 5.5 பதிப்பு, எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஆகியவற்றை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 5.6 பதிப்பில்தான் வந்தது. பழைய பதிப்புக்கு மட்டும் உரிமம் வைத்திருக்கும் சிறு ஆலைக்குப் புதிய லேப்டாப் வந்ததும் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டாவது, இயந்திரத்தோடு இணைக்கும் வழி. பழைய சி.என்.சி. இயந்திரங்களில் நிரலை ஏற்ற ஒன்பது முள் கொண்ட சீரியல் போர்ட் வேண்டும். இன்றைய லேப்டாப்புகளில் அது இல்லாததால் யு.எஸ்.பி. மாற்றி வாங்கப்படுகிறது. மலிவான மாற்றிகள் பலவற்றில் புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 வகைச் சில்லின் பழைய வடிவமோ போலியோ இருக்கிறது. இவற்றைப் புதிய டிரைவர் ஏற்பதில்லை. அந்தச் சில்லு 2012லேயே நிறுத்தப்பட்டுவிட்டது என்ற குறிப்பு மட்டும் விண்டோஸ் 11இன் டிவைஸ் மேனேஜரில் தெரியும். இதைப் பார்த்துவிட்டு விண்டோஸையே மாற்ற முனைபவர்கள் உண்டு. உண்மையில் வேறு நல்ல சில்லுள்ள மாற்றி ஒன்றை வாங்கினால் போதும்.

மூன்றாவது, மென்பொருளின் பிட் கணக்கு. விண்டோஸ் 10 வரை 32-பிட் பதிப்பு இருந்தது. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே உள்ளது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்கள் ஓடா. 1990களில் எழுதப்பட்ட அளவீட்டு, எடைமேடை, கணக்கு நிரல்களை இன்னும் நம்பியிருக்கும் இடங்களில் இதுதான் பெரிய தடை.

நான்காவது, அச்சகங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் அமைத்து வைத்த அழைப்பிதழ்களும் நோட்டுப் புத்தகங்களும் அந்த மென்பொருளை விட்டு எளிதில் நகர மாட்டா. எழுத்துரு மென்பொருளின் உரிமத்தைக் காக்கும் டாங்கிள் கருவி பழையதாக இருந்தால், அதற்கான டிரைவர் புதிய விண்டோஸில் கிடைக்காமலும் போகும்.

உரிமம் யாருக்கு உண்டு

லேப்டாப்போடு வரும் விண்டோஸ் உரிமம் எல்லாருக்கும் பின்னோக்கிப் போகும் உரிமையைத் தருவதில்லை. மைக்ரோசாஃப்ட் இதை வணிகப் பதிப்புகளுக்கு மட்டும் வைத்திருக்கிறது. 2007 ஜனவரியில் விஸ்டா வந்தபோது பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளை வாங்கியவர்கள் எக்ஸ்பி புரொஃபஷனலுக்குத் திரும்ப முடிந்தது. விஸ்டாவின் வேகக் குறைவால் சலித்த நிறுவனங்கள் பல அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. விண்டோஸ் 8 ப்ரோவிலிருந்து 7 புரொஃபஷனலுக்கும், 10 ப்ரோவிலிருந்து 8.1 ப்ரோ அல்லது 7 புரொஃபஷனலுக்கும், 11 ப்ரோவிலிருந்து 10 ப்ரோவுக்கும் அதே முறையில் இறங்கலாம். ஹோம் பதிப்புக்கு இந்த உரிமை இல்லை. பழைய பதிப்பு தேவைப்படும் என்று முன்பே தெரிந்தால், வாங்கும்போதே ப்ரோ பதிப்புள்ள லேப்டாப்பைத் தேர்ந்தெடுப்பதே சரி.

ஆக்டிவேட் ஆவதும் உரிமம் இருப்பதும் ஒன்றல்ல. 'கிராக்' செய்த பிரதி ஆக்டிவேட் ஆனதாகவே காட்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். ஆலைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, கிராக் கோப்போடு சேர்ந்து வரும் வைரஸ்.

வன்பொருள் விதிக்கும் எல்லை

உரிமம் இருந்தாலும் எல்லா லேப்டாப்பும் எல்லாப் பதிப்பையும் ஏற்காது. லேப்டாப் எந்த ஆண்டுச் சில்லோடு பிறந்ததோ, அதுவே எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பதை முடிவு செய்கிறது.

விண்டோஸ் 7க்கு அந்தக் கோடு இன்டெலின் ஆறாம் தலைமுறை. ஏழாம் தலைமுறை முதல் விண்டோஸ் 10க்கு மட்டுமே ஆதரவு என்று 2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2017இல், அத்தகைய கணினிகளில் ஓடும் விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றுக்கு அப்டேட் தருவதையும் நிறுத்தியது. ஆறாம் தலைமுறையிலேயே யு.எஸ்.பி.யின் அமைப்பு மாறிவிட்டது. அதற்கான டிரைவர் விண்டோஸ் 7 நிறுவல் கோப்பில் இல்லாததால், நிறுவத் தொடங்கியதும் யு.எஸ்.பி. மவுஸும் விசைப்பலகையும் செயலற்றுப் போகும். நிறுவலுக்குப் பயன்படும் பென் டிரைவையே விண்டோஸ் காணாமல் விடும். என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யையும் அது தானாக அறியாது. செக்யூர் பூட்டில் ஏறாது. பழைய பயாஸைப் போல நடந்துகொள்ளும் சி.எஸ்.எம். வசதியும் அதற்கு வேண்டும். புதிய லேப்டாப்புகளில் அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது. 32-பிட் விண்டோஸ் 10ஐப் போட நினைத்தாலும் இதே சுவரில்தான் முட்ட வேண்டியிருக்கும்.

64-பிட் விண்டோஸ் 10 இவ்வளவு சிரமம் தருவதில்லை. செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. ஆனால் இன்டெலின் பதினோராம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் வி.எம்.டி. என்ற அமைப்பு எஸ்.எஸ்.டி.யைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதால், நிறுவும்போது டிரைவே இல்லை என்று திரை சொல்லும். பன்னிரண்டாம் தலைமுறை முதல் வலுவான கருக்களும் சிக்கனக் கருக்களும் ஒரே சில்லில் கலந்து வருகின்றன. எந்த வேலையை எந்தக் கருவுக்குக் கொடுப்பது என்பதை விண்டோஸ் 11 அளவுக்கு விண்டோஸ் 10 திறமையாகப் பிரித்துத் தராது. ஆப்பிள் மேக் கணினிகளில் கோடு இன்னும் கறாரானது: ஒரு மேக் எந்தப் பதிப்போடு விற்பனைக்கு வந்ததோ அதற்கு முந்தைய பதிப்பை அதில் ஏற்ற இயலாது.

செய்யும் முறை

விண்டோஸ் 11 ப்ரோவிலிருந்து விண்டோஸ் 10 ப்ரோவுக்குப் போவதே இன்று நடைமுறையில் சாத்தியமான பாதை.

முதலில் லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் எண்ணைத் தேடி, விண்டோஸ் 10க்கான டிரைவர்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காமல் விடுவதே நல்லது. இருந்தால் சிப்செட், வைஃபை, டச்பேட், சேமிப்பகம் ஆகிய நான்கின் டிரைவர்களையும் தனிப் பென் டிரைவில் முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். வைஃபை டிரைவர் இல்லாமல் விண்டோஸ் ஏறிவிட்டால், அந்த டிரைவரை இறக்குவதற்கே இணையம் இல்லாத நிலை வரும்.

அடுத்தது திரும்பி வரும் வழி. கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்த பிறகு, விண்டோஸ் 11இன் ரெகவரி டிரைவ் ஒன்றையும் உருவாக்க வேண்டும். லேப்டாப் பழுதானால் சேவை மையத்தில் முதலில் வந்த அமைப்பிலேயே சோதிக்க விரும்பலாம்; அப்போது இது உதவும். பல புதிய லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனே டிஸ்க் தானாகக் குறியாக்கம் ஆகிவிடுகிறது. பயாஸில் ஏதேனும் மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது அல்லது குறியாக்கத்தை முன்பே அணைப்பது அவசியம்.

மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸ் 10ஐ ஏற்றிய பிறகு, லேப்டாப்பைச் சார்ஜரில் இணைத்து அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்ய வேண்டும். டிரைவ் பட்டியல் வெறுமையாக இருந்தால் 'லோடு டிரைவர்' பொத்தானை அழுத்திச் சேமிப்பக டிரைவரைக் காட்டினால் எஸ்.எஸ்.டி. தெரியவரும். பார்ட்டிஷன்களை அழிக்கும் கட்டத்தில்தான் பழைய அமைப்பு மறைகிறது. அதுவரை எந்த நேரத்திலும் பின்வாங்கலாம்.

நிறுவி முடித்ததும் சிப்செட் டிரைவர் முதலிலும், பிறகு வைஃபை, கிராஃபிக்ஸ், டச்பேட் என்ற வரிசையிலும் போடுவது வழக்கம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் ஒன்றும் மிஞ்சாதபோது வேலை முடிந்தது எனலாம். ஆலை மென்பொருளை நிறுவி, இயந்திரத்தோடு இணைத்து, நிரலை ஒருமுறை இறக்கிப் பார்த்த பிறகு முழு டிஸ்கையும் ஒரு பிரதியாக எடுத்து வைத்தால், அடுத்த முறை லேப்டாப் கோளாறாகும்போது இத்தனை வேலையையும் மறுபடி செய்ய வேண்டியிராது.

பழைய பதிப்பின் ஆபத்து

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தது. விண்டோஸ் 10க்குத் தனிநபர்கள் 2026 அக்டோபர் வரையும், நிறுவனங்கள் பணம் கட்டி 2028 அக்டோபர் வரையும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெற வழி உண்டு. விண்டோஸ் 7இல் ஏறும் கடைசிக் குரோம் பதிப்பு 109. வங்கி வேலைக்கும் ஜி.எஸ்.டி. தாக்கலுக்கும் அந்தக் கணினியை நம்புவது தவறு.

இந்த ஆபத்து சென்னைக்குப் புதிதல்ல. 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை வைரஸால் ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. வைரஸுக்கு ஆளான கணினிகளில் பெரும்பாலானவை அந்த அப்டேட் போடாத விண்டோஸ் 7 கணினிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தைவானின் சில்லு நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யில், வைரஸ் சோதனை செய்யாமல் இணைத்த ஒரு புதிய கருவியிலிருந்து அதே வைரஸின் ஒரு வகை பரவி உற்பத்தியை நிறுத்தியது. ஆகவே பழைய விண்டோஸ் உள்ள லேப்டாப்பை இணையத்திலும் அலுவலக நெட்வொர்க்கிலும் சேர்க்காமல் இயந்திரத்துக்கு மட்டும் ஒதுக்குவதே விதி. வைஃபையை அணைத்துவிட வேண்டும். கோப்பு கொண்டுவரும் பென் டிரைவை வேறொரு கணினியில் சோதித்த பின்பே அதில் செருக வேண்டும்.

டவுன்கிரேடு இல்லாத வழிகள்

புதிய விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பழையதை அதற்குள் ஓட்ட முடியும். விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி போன்றவை கணினிக்குள் இன்னொரு கணினியைப் படைக்கின்றன. 32-பிட் எக்ஸ்பிக்கோ விண்டோஸ் 7க்கோ 2 ஜி.பி. நினைவகம் ஒதுக்கினால் போதும் என்பதால், 8 ஜி.பி. உள்ள சாதாரண லேப்டாப்பே இதைத் தாங்கும். நிஜ எஸ்.எஸ்.டி., யு.எஸ்.பி., பூட் முறை ஆகிய எதுவும் உள்ளே இருக்கும் பழைய விண்டோஸுக்குத் தெரியாததால், மேலே சொன்ன வன்பொருள் தடைகள் இங்கே குறுக்கிடுவதில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் யு.எஸ்.பி. டாங்கிளையும் சீரியல் மாற்றியையும் உள்ளே கடத்திவிடலாம். முழு அமைப்பும் கோப்புகளாகவே இருப்பதால் அடுத்த லேப்டாப்புக்கு நகலெடுத்துக் கொண்டு போகலாம். உள்ளே ஓடும் விண்டோஸுக்கும் தனி உரிமம் தேவை.

இரண்டு இயங்குதளங்களை அருகருகே வைப்பது அடுத்த வழி. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் தரப்பட்டன. தொடங்கும்போது எதில் நுழைவது என்று மாணவர் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 11ஐயும் 10ஐயும் இப்படியே வைக்க முடியும். ஆனால் எஸ்.எஸ்.டி.யில் இடமும், இரண்டுக்கும் பொருந்தும் டிரைவர்களும் வேண்டும்.

மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடும் பதிப்பாகவே கிடைத்தால் அதை வாங்குவது நீண்டகாலத்துக்கு மலிவு. எஸ்7-300 வரிசையின் வழக்கமான விற்பனை 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டு, உதிரிபாகங்கள் மட்டும் 2033 வரை தரப்படும் என்று சீமென்ஸ் அறிவித்துள்ளது. கட்டுப்பாட்டுப் பெட்டியே விடைபெறும் காலத்தில், அதற்காக லேப்டாப்பைப் பின்னுக்கு இழுப்பது சில ஆண்டுகளுக்கான ஏற்பாடு மட்டுமே.

ஆக, 16-பிட் நிரலுக்கும் விண்டோஸ் 7 கேட்கும் மென்பொருளுக்கும் விர்ச்சுவல் கணினி ஏற்றது. டிரைவர் காரணமாக விண்டோஸ் 10 மட்டுமே கேட்கும் கருவிக்கு, ப்ரோ உரிமத்தோடு உண்மையான டவுன்கிரேடு செய்யலாம். பி.சி.எம்.சி.ஐ.ஏ. போன்ற பழைய கார்டைச் செருக வேண்டிய இயந்திரத்துக்குப் புதிய லேப்டாப்பில் எந்த விண்டோஸைப் போட்டும் பயனில்லை. அதற்கான துளையே இல்லை. அங்கே நல்ல நிலையில் உள்ள பழைய லேப்டாப்பைத் தேடி வாங்கி, அதன் டிஸ்கைப் பிரதி எடுத்துப் பாதுகாத்து வைப்பதுதான் தீர்வு.